காசு செலவின்றி வாடிக்கை சேர்ப்பது எப்படி?



வீட்டில் இருந்தபடி செய்யும் சிறு தொழிலுக்கு, இணையத்தின் வழியாக, விளம்பரச் செலவு இல்லாமல் வாடிக்கையாளரைச் சேர்ப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு. தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களையும், தோட்டத்தை விட்டு வெளியேறி போர்ட் கிள்ளான், பண்டமாரான், காப்பார், பந்திங் பக்கம் குடியேறிய குடும்பங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். முறுக்கு சுடுபவர்கள், பூ கட்டுபவர்கள், ரவிக்கை தைப்பவர்கள், மசாலைத் தூள் அரைப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. கைத்திறன் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு கடையை வாடகைக்குப் பிடிக்க நம்மால் முடியாது. பாசார் மாலாமில் இடம் போடுவதற்கும் அனுமதி வேண்டும். கூடாரம், வண்டி என்று முதல் வேண்டும். கைப்பேசியோ ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்துகிறேன். தோட்டத்து லயங்களுக்கு ரொட்டிக்காரர் சைக்கிளில் வருவார். மணி அடிப்பார், பிள்ளைகள் ஓடுவார்கள். சம்பள நாளன்று துணி வியாபாரி சரியாக வந்து நிற்பார். இவர்கள் யாரும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தவர்கள் அல்லர். அவர்கள் செய்தது மூன்று காரியம். மக்கள் இருக்கும் இடத்திற்குத் தாங்களே சென்றார்கள். சொன்ன நேரத்தில் தவறாமல் வந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன பிடிக்கும் என்று நினைவில் வைத்திருந்தார்கள். இன்று இணையத்தில் இலவசமாக வாடிக்கை சேர்ப்பதும் இந்த மூன்று காரியம்தான். மணி மட்டும் மாறியிருக்கிறது.

இனி, இந்த மணி எவ்வளவு தூரம் கேட்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து, நாடே வீட்டுக்குள் அடங்கியிருந்தது. அந்த மாதங்களில் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பமான சுகு - பவித்ரா தம்பதியர் யூடியூப் எனப்படும் வலையொளியில் போட்ட சமையல் காட்சிகளைப் பல லட்சம் பேர் பார்த்தார்கள். படப்பிடிப்பு நிலையம் கிடையாது. எளிய வீட்டுச் சமையலறையும் ஒரு கைப்பேசியும்தான். இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர்கள் சமைத்தது நம் வீட்டுச் சமையல். பேசியது மலாய் மொழியில். ஆகவே மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா வீட்டிலும் அது புரிந்தது.

தமிழகத்திலிருந்து இன்னொரு சான்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்னவீரமங்கலம் கிராமத்திலிருந்து 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரை எட்டியது. வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் சமைத்துப் பரிமாறுவதே அதன் காட்சி. தமிழ் வலையொளிகளில் அந்த அளவை முதலில் தொட்டது அதுவே.

இவற்றைக் கேட்டதும், நாமும் அப்படி ஆகிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். பார்வையாளர் வேறு, வாடிக்கையாளர் வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்ட் கிள்ளானில் ஒரு தாயார் முறுக்கு சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் 8 வெள்ளி. எண்ணெய், மாவு, எரிவாயு, உறை எல்லாம் போக 3 வெள்ளி மிச்சம். அக்கம்பக்கத்தில் 60 வீடுகள் மாதம் இரண்டு பொட்டலம் வாங்கினால், 120 பொட்டலம். 360 வெள்ளி மிச்சம். அதே தாயாரின் காணொளியைச் சரவாக்கிலும் சிங்கப்பூரிலும் பத்தாயிரம் பேர் பார்த்து விரும்பியதாகக் குறியிட்டாலும், யாரும் வாங்காவிட்டால் ஒரு காசும் வராது. அஞ்சலில் அனுப்பலாம் என்றாலோ, அஞ்சல் செலவே முறுக்கின் விலையைத் தொட்டுவிடும். ஆகவே நமக்கு வேண்டியது பக்கத்தில் இருக்கும் அந்த 60 வீடுகள். எல்லா முயற்சியும் அவர்களை நோக்கியே இருக்க வேண்டும்.

அவர்கள் யார்? போர்ட் கிள்ளான் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட துறைமுக நகரம். வடதுறையிலும் மேற்குத் துறையிலும் இரவு பகலாக முறை மாறி வேலை நடக்கிறது. கொள்கலன் லாரி ஓட்டுநர்கள், கிடங்குத் தொழிலாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பேர் வந்து போகிறார்கள். தீபாவளிக்கு மட்டுமன்றி நோன்புப் பெருநாளுக்கும் முறுக்கு வாங்கும் மலாய்க் குடும்பங்கள் உண்டு. ஆகவே நம் அறிவிப்பைத் தமிழிலும் மலாயிலும் எழுதுவது நல்லது. வெறுமனே ‘சுவையான முறுக்கு’ என்று எழுதாமல், ‘போர்ட் கிள்ளான், பண்டமாரான் பகுதிக்கு வீட்டு முறுக்கு’ என்று ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தேடுபவர் பொருளையும் ஊரையும் சேர்த்துத்தான் தேடுவார்.

இப்போது வழிமுறைகளுக்கு வருவோம்.

முதலாவது, கூகள் வரைபடம். தொழிலின் பெயரை அதில் இலவசமாகப் பதியலாம். வீட்டு முகவரியைப் பிறர் அறிய விருப்பமில்லையென்றால், முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்பதை மட்டும் காட்டவும் வசதி உண்டு. பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். வாங்கியவர்களிடம், ‘நல்லதோ கெட்டதோ இரண்டு வரி எழுதுங்கள்’ என்று கேளுங்கள். பரிசு கொடுத்துப் பாராட்டு எழுத வைப்பது கூகள் விதிக்கு மாறானது. உறவினரை விட்டுப் பொய்யாக எழுத வைப்பதும் கூடாது.

இரண்டாவது, வாட்ஸ்அப் எனப்படும் புலனம். இதில் வணிகர்களுக்கென்று தனிச் செயலி 2018 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. பொருளின் படம், விலை, விவரம் ஆகியவற்றை ஒரு பட்டியலாக அதில் வைக்கலாம். ஒரே செய்தியை 256 பேர் வரை தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றும் அதில் உண்டு. ஆனால் பலரும் அறியாத ஒரு சங்கதி: உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அதனால்தான் பலர், ‘நான் அனுப்பினேன், யாரும் பதில் போடவில்லை’ என்கிறார்கள். பொட்டலத்தின் மேல் உங்கள் பெயரும் எண்ணும் கொண்ட சீட்டு ஒட்டுங்கள். ‘எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள் அக்கா, அடுத்த வாரம் என்ன செய்கிறோம் என்று தெரிவிக்கிறேன்’ என்று வாயாலும் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் செய்தி அனுப்புங்கள். ரொட்டிக்காரரின் மணி அதுதான். கேட்காதவரைக் குழுவில் இழுத்துப் போடுவதும், நாளுக்கு ஐந்து படம் அனுப்புவதும் வாடிக்கையை விரட்டும். பலர் புகார் செய்தால் உங்கள் எண்ணையே முடக்கிவிடுவார்கள்.

மூன்றாவது, முகநூல். கிள்ளான் வட்டாரத்து மக்கள் கூடும் குழுக்கள் அதில் உண்டு. ஒரு குழுவில் சேர்ந்ததும் விலைப்பட்டியலைப் போடாதீர்கள். முதலில் அந்தக் குழுவின் விதியைப் படியுங்கள். யாராவது முறுக்கு மாவு ஏன் பிளக்கிறது என்று கேட்டால், தெரிந்த பக்குவத்தைச் சொல்லுங்கள். ரவிக்கை அளவு எப்படி எடுப்பது என்று கேட்டால் விளக்குங்கள். உதவியவரிடம்தான் மக்கள் பிறகு தேடி வந்து வாங்குவார்கள். கோயிலில் சமையலுக்குக் கை கொடுத்தவரை ஊர் மறப்பதில்லை அல்லவா?

நான்காவது, குறுங்காணொளி. டிக்டாக்கிலும் வலையொளியிலும் ஒரு நிமிடத்துக்குக் குறைந்த காட்சிகளைப் போடலாம். முகத்தைக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. முறுக்கு எண்ணெயில் விழும் ஓசை, கை பிழியும் அழகு, ஒடிக்கும்போது வரும் சத்தம், இவை போதும். காலை வெயில் விழும் சன்னலோரத்தில் எடுங்கள். முதல் இரண்டு மூன்று விநாடிகளிலேயே பொருளைக் காட்டிவிடுங்கள். வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி முடிப்பதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிடுவார்.

இந்த நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இலவசம் என்று சொன்னாலும், இதற்கு நேரம் செலவாகிறது. பால் மரம் வெட்டிவிட்டோ, குலை அறுத்துவிட்டோ வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த பிறகு கிடைக்கும் நேரம் அது. அதற்கும் விலை உண்டு. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். புதிதாக வாங்கும் ஒவ்வொருவரிடமும், ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்டு, வரைபடம், புலனம், முகநூல், காணொளி, வாய்ச்சொல் என்று ஐந்து பத்தியில் கோடு போடுங்கள். நான்கு வாரம் கழித்துப் பாருங்கள். கோடு விழாத வழியை விட்டுவிட்டு, கோடு விழுந்த வழியில் நேரத்தைப் போடுங்கள். அதே புத்தகத்தில் வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்கள். முகநூல் கணக்கு ஒருநாள் முடங்கிப் போகலாம். நோட்டுப் புத்தகம் உங்கள் சொத்து. அது பீரோவில் இருக்கும்.

அடுத்து, ஏமாறாமல் இருப்பது பற்றி. ‘ஆயிரம் பின்தொடர்வோரை 50 வெள்ளிக்குத் தருகிறோம்’ என்பார்கள். அவை வெற்றுக் கணக்குகள்; முறுக்கு வாங்கமாட்டா. ‘இணைய வியாபார ரகசியம், 500 வெள்ளிக்கு வகுப்பு’ என்பார்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, இலவசமாகக் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றுக்குக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் புலனக் கணக்கே பறிபோகும். புலனத்தில் இரட்டைப் பூட்டு வசதி இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் செலுத்தியதாகப் படம் அனுப்பினால், வங்கிக் கணக்கில் பணம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். வங்கிப் பணம் மோசடியில் போய்விட்டால், உடனே 997 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது.

சட்டத்தையும் மறக்கலாகாது. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்மில், பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு எண், முழு விலை, பணம் செலுத்தும் முறை, பொருள் கிடைக்கும் காலம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதி உண்டு. எனவே ‘விலைக்குத் தனியாகக் கேளுங்கள்’ என்று எழுதுவதைவிட, விலையை வெளிப்படையாகப் போடுவதே முறை. உணவு செய்து விற்பவர்கள் உணவு கையாளுவோர் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். இறைச்சி சேர்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, ஹலால் முத்திரையைத் தாமாக உறையில் அச்சிடக் கூடாது. முறையான சான்றிதழ் இன்றி அதைப் பயன்படுத்துவது குற்றம். என்னென்ன பொருள் சேர்த்திருக்கிறோம் என்பதை மலாயில் தெளிவாக எழுதுங்கள். வாங்குபவர் தாமே முடிவு செய்துகொள்வார்.

தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, தோட்டம் கைமாறலாம். மேம்பாட்டுக்காக நிலம் விற்கப்படலாம். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையை நம் சமூகம் பலமுறை கண்டிருக்கிறது. எங்கே குடிபெயர்ந்தாலும் கூடவே வரக்கூடியது கைத்தொழிலும், நம்மை நம்பி வாங்கும் வாடிக்கையும்தான். பெரிதாக எதுவும் வேண்டாம். இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். பொட்டலத்தில் ஒட்ட ஒரு சீட்டு எழுதுங்கள். ஏற்கெனவே வாங்கும் பத்துப் பேரின் எண்ணை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மணி எந்த நாளில், எந்த நேரத்தில் அடிக்கும் என்று முடிவு செய்யுங்கள். அதை அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் தவறாமல் அடியுங்கள்.