அவர் கேட்டது ஒரு முகவரி

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விஷயம். குடியை விட நினைக்கும் தொழிலாளி எங்கே போவது? இதுதான் கேள்வி.

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுவோம். நூற்பு இலாகாவில் நம்மோடு ஒரு தோழர் வேலை செய்தார். வேலைநிறுத்த நாட்களில் முன்வரிசையில் நின்றவர். குடி அவரைப் பிடித்தது. நாம் என்ன செய்தோம்? முதலில் கேலி செய்தோம். பிறகு புத்தி சொன்னோம். பிறகு கமிட்டியிலிருந்து நீக்கினோம். ஒருநாள் அவரே சங்க ஆபீசுக்கு வந்தார். "குடியை விட்டவங்க கூடிப் பேசுற கூட்டம் ஒண்ணு இருக்காமே, அண்ணே, அது எங்கே?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். விசாரிக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. ஈரல் கெட்டு இறந்துபோனார். மாலை வாங்கிக்கொண்டு போனோம். அவர் நம்மிடம் கேட்டது ஒரு முகவரி. அதை நாம் கொடுக்கவில்லை.

அது என்ன கூட்டம்?

1935-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் டயர் ஆலைகள் நிறைந்த அக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் வியாபார விஷயமாக அங்கே வந்தார். வந்த காரியம் தோற்றது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கிய ஓட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்தார். மாதாகோவில்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தன்னைப் போலவே குடியால் அவதிப்படும் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரும் பேசினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் டாக்டரும் குடியை விட்டார். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., பிறந்தது இப்படித்தான்.

இந்தியாவில் இது 1957 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டிலும் தமிழில் பேசும் கூட்டங்கள் உண்டு. பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலோ மாதாகோவில் கட்டடத்திலோ ஓர் அறையில் கூடுவார்கள். சந்தா கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும். பிரசங்கம் இல்லை, குடித்துக் கெட்டவரே தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். அங்கே கடவுள் பேச்சு வரும் என்று சிலர் தயங்குவதுண்டு. வரும். ஆனால் அவரவர் கருத்துப்படி கொள்ளலாம் என்பதே அவர்கள் வழக்கம். நம்பிக்கை இல்லாதவர்களும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து குடியை விட்டிருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான 14446, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களுக்குப் போன் செய்து கேளுங்கள். நான்கு விவரம் வாங்குங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தக் கட்டடத்தில் எந்த அறை, தமிழில் பேசுவார்களா. குடும்பத்தாரும் உடன் வரலாமா என்றும் கேளுங்கள். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டுமே. மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் 'அல்-அனான்' என்ற தனிக் கூட்டம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீராப்பாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூட்டம் மருந்துக்கு மாற்றல்ல.

கிராமத்துத் தோழர்கள் கேட்பீர்கள்: "எங்க ஊரிலே கூட்டமே இல்லையே! டவுனுக்குப் போனா ஒருநாள் கூலி போச்சே!" நியாயமான கேள்வி. பஸ் சார்ஜைச் சங்கம் கொடுக்கட்டும். மாலைக் கூட்டமாகப் பார்த்துப் போகலாம். போன் மூலம் நடக்கும் கூட்டங்களும் உண்டு. குடியை விட நினைக்கும் இருவர் ஓர் ஊரில் இருந்தால், அவர்களே கூடி உட்காரலாம். அக்ரனில் கூடியதும் இருவர்தான்.

நம் வேலை என்ன?

விலாசத்தைத் துண்டுச் சீட்டில் எழ்திக் கொடுத்து அனுப்பினால் போதாது. குடித்தவனுக்கு வெட்கம் அதிகம். வாசல் வரை போவான். உள்ளே நாலு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டால் திரும்பிவிடுவான். திரும்பும் வழியில் கடை இருக்கிறது. ஆகையால் ஒரு தோழர் கூடவே போக வேண்டும். அறை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, கூட்டம் முடியும் வரை எதிர் டீக்கடையில் காத்திருக்க வேண்டும். மறுவாரமும் போக வேண்டும். நடுவில் அவன் வழுக்கி விழுந்தால், "பார்த்தாயா!" என்று சொல்லாமல் மறுபடியும் அழைத்துப் போக வேண்டும்.

சங்க ஆபீஸ் பலகையில் நாளை காலை முதல் கூட்டத்தின் கிழமையும் நேரமும் இடமும் எழுதப்பட்டிருக்கும். கூடப் போக யார் யார் தயார்? பெயர் கொடுங்கள், தோழர்களே! இனி ஒரு தோழன் வந்து "கூட்டம் எங்கே?" என்று கேட்டால், "வா, போகலாம்" என்று எழுந்திருப்போம்.