மெகாவாட்டுக்கு முன் வெப்பக் கணக்கு



2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியது. கிழக்கு 13ஆம் தெருவில் உள்ள துணைமின் நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து வெடிப்பு ஏற்பட, மன்ஹாட்டனின் தென்பகுதியில் பெரும்பாலான தெருக்கள் இருளில் மூழ்கின. அந்த இருளிலும் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் சதுக்க வளாகத்தில் பல கட்டடங்களில் விளக்கு எரிந்தது, குழாயில் வெந்நீர் வந்தது. வளாகத்திலேயே இயங்கிய 13.4 மெகாவாட் கூட்டு வெப்ப மின் நிலையம்தான் காரணம்.

இதைக் கேட்ட அலுவலகக் கட்டட உரிமையாளர், ‘நமக்கு எத்தனை மெகாவாட் வேண்டும்?’ என்பார். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கட்டடத்தால் ஆண்டு முழுவதும் எவ்வளவு வெப்பத்தைப் பயன்படுத்த முடியும் என்பதே முதல் கேள்வி.

எரிவாயு எஞ்சின் தன் எரிபொருளில் ஏறத்தாழ 40 சதவீதத்தையே மின்சாரமாக்குகிறது. மீதியில் பெரும்பங்கு, 90 டிகிரி செல்சியஸ் அளவில் சுழலும் ஜாக்கெட் நீரிலும் 400 டிகிரியைத் தொடும் புகையிலும் போய்விடுகிறது. அதைப் பிடித்து வேலை வாங்கினால் மொத்தத் திறன் 75, 80 சதவீதம் வரை ஏறும். பிடிக்காவிட்டால், முதலீடு செய்தது வெறும் ஜெனரேட்டரில்தான்.

இங்கேதான் அலுவலகம், இரவும் பகலும் சுமை இருக்கும் மருத்துவமனையிலிருந்து வேறுபடுகிறது. அலுவலகத்தில் காலையில் சுமை ஏறும், மாலையில் இறங்கும், சனி ஞாயிறுகளில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை வைத்து இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க முடியாது. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் மின்சுமை, வெப்பச்சுமை, குளிரூட்டும் சுமை மூன்றையும் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும். உச்ச மின்சுமைக்கு எஞ்சின் வாங்கினால், பாதி நேரம் அது அரைச்சுமையில் இழுத்துக்கொண்டிருக்கும்.

நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் அருகிலுள்ள 55 மாடி பேங்க் ஆஃப் அமெரிக்கா கோபுரத்தைத் திட்டமிட்டவர்கள் இதற்கு அழகான விடை கண்டார்கள். 4.6 மெகாவாட் டர்பைன் இரவிலும் ஓடுகிறது. ஆளில்லாத மாடிகளுக்குத் தேவைப்படாத மின்சாரம், அடித்தளத்தில் வரிசையாக நிற்கும் 44 தொட்டிகளில் நீரைப் பனிக்கட்டியாக்குகிறது. பகலில் அந்தப் பனி உருகிக் குளிர்சாதனத்தின் சுமையைக் குறைக்கிறது.

கட்டடத்தைச் சூடாக்கும் தேவை குறைவான வெப்ப நாடுகளில் கணக்கு இன்னும் கடினம். குர்கானின் டிஎல்எஃப் சைபர் சிட்டியில் செய்ததுபோல, கழிவு வெப்பத்தை வேப்பர் அப்சார்ப்ஷன் சில்லருக்குக் கொடுத்துக் குளிர்ச்சி பெறலாம். ஆனால் வெந்நீரில் இயங்கும் ஒற்றை நிலை சில்லர், ஒரு பங்கு வெப்பத்துக்கு 0.7 பங்கு குளிர்ச்சியே தரும். நல்ல மின் சில்லரோ ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஐந்து பங்குக்கு மேல் தரும். கழிவு வெப்பம் கையில் இருக்கும்வரை அப்சார்ப்ஷன் லாபம். அதை ஓட்டுவதற்காகவே எரிவாயுவை எரித்தால் நட்டம்.

நியூயார்க்கின் உள்ளாட்சிச் சட்டம் 97 இப்போது இன்னொரு கேள்வியைச் சேர்த்திருக்கிறது. 2019இல் நிறைவேறிய அந்தச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரிம வெளியீட்டுக்கு 2024 முதல் வரம்பு வைக்கிறது. கட்டடத்துக்குள் எரியும் எரிவாயு அதன் கணக்கிலேயே விழுகிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகி மின்கட்டமைப்பு தூய்மையாக ஆக, சொந்த எஞ்சினின் கரிம ஆதாயம் தேய்கிறது. ஏறத்தாழ 20 ஆண்டு ஓடப்போகும் இயந்திரத்துக்கு இந்தத் தேய்மானத்தையும் ஆண்டுவாரியாகச் சேர்த்தே மதிப்பீடு போட வேண்டும். இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வு அந்த மதிப்பீட்டு முறையை எடுத்துக்கொள்கிறது.