லேபுக்குள் நுழையும் முன்

மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி என்று முதலாண்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் பிராக்டிகல் உண்டு. முன்பு தவளையை வைத்துச் செய்த சோதனைகள் பல கல்லூரிகளில் கணினித் திரைக்கு மாறிவிட்டன. இன்று பெரும்பாலும் மாணவரின் உடல்தான் சோதனைப் பொருள். அந்த வகுப்புக்கு எப்படித் தயாராகிப் போவது என்று பார்ப்போம்.

தயாரிப்பு என்றதும் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். படம் வேண்டியதுதான். ஆனால் ரெக்கார்டு முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல்.

சிவப்பணு எண்ணும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, லான்செட்டால் குத்தி, இரத்தத்தைப் பிப்பெட்டில் 0.5 கோடு வரை எடுக்க வேண்டும். பிறகு இரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஹேயம் திரவத்தை 101 கோடு வரை இழுக்க வேண்டும். படிக்க இரண்டே வரி. செய்து பார்த்தால்தான் தெரியும். ஸ்பிரிட் காயும் முன் குத்தினால் இரத்தம் துளியாகத் திரளாது, விரலெங்கும் பரவும். துளி போதவில்லையே என்று விரலைப் பிசைந்தால் திசுநீர் கலந்து எண்ணிக்கை குறைந்துவிடும். எல்லாம் சரியாக வந்து, ஹேயம் புட்டி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால், அதற்குள் அந்த மெல்லிய குழாய்க்குள் இரத்தம் உறையத் தொடங்கிவிடும். மறுபடியும் விரலைக் குத்த வேண்டியதுதான்.

ஆகவே முந்தின இரவே செய்முறையை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று எழுதிப் பதில் தேடுங்கள். வெள்ளையணுவை எண்ண ஏன் டர்க் திரவம்? அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஜென்ஷியன் வயலட் வெள்ளையணுவின் உட்கருவுக்குச் சாயமேற்றும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை மேசையில் புட்டியை மாற்றி எடுக்காது.

கணக்கும் அப்படித்தான். எண்ணி வந்த சிவப்பணுக்களைப் பத்தாயிரத்தால் பெருக்கு என்று எல்லாருக்கும் மனப்பாடம். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? நியூபவர் அறை என்ற கண்ணாடித் தகட்டில் நாம் எண்ணுவது 80 சின்னக் கட்டங்கள். அவற்றின் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர். பெருக்கினால் 0.02 கன மில்லிமீட்டர். ஒரு கன மில்லிமீட்டருக்குக் கொண்டுவர 50 மடங்கு. இரத்தத்தை நீர்த்தது 200 மடங்கு. ஐம்பதை இருநூறால் பெருக்கிப் பாருங்கள். வைவாவில் விரும்பிக் கேட்கப்படும் கேள்வி இது. ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு மறக்காது.

காலையில் சாப்பிடாமல் போகாதீர்கள். இதைப் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இரத்தத்தைக் கண்டதும் சிலருக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென இறங்கித் தலைசுற்றும். வெறும் வயிறாக இருந்தால் சமாளிப்பது இன்னும் சிரமம். தலைசுற்றினால் கூச்சப்படாமல் உடனே சொல்லிவிட்டுப் படுத்துவிட வேண்டும். லான்செட் ஒருவருக்கு ஒன்று, ஒரே ஒரு முறை. பயன்படுத்தியதும் ஊசிகளுக்கென வைத்திருக்கும் டப்பாவில் போட வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமி பரவ ஒரு ஊசி போதும்.

இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஹாஸ்டல் அறையிலேயே பழகலாம். கருவி தேவையில்லை. தோழியின் முழங்கை மடிப்பில், பைசெப்ஸ் தசைநாணுக்கு உட்பக்கமாக விரல் வைத்து நாடியைத் தேடுங்கள். ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டிய இடம் அதுதான். அந்த இடம் தெரியாமல், ஒலி கேட்கவில்லை என்று கருவியைக் குறை சொல்பவர்கள் அதிகம். ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் 1905-இல் விவரித்த ஒலிகள் அவை. சிலருக்கு அந்த ஒலி நடுவில் மறைந்து மீண்டும் வரும். காதை மட்டும் நம்பினால் மேல் அளவைக் குறைத்து எழுதிவிடுவோம். அதனால்தான் முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டு, கையில் கட்டிய பட்டையில் காற்றேற்றும்போது அது எந்த அளவில் மறைகிறது என்று பார்த்துக்கொள்கிறோம்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து ‘ஹீமோகுளோபின் 13’ என்று முந்தின நாளே எழுதிவைத்துக்கொண்டு வரும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அப்படியானால் லேபில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மாணவிகளில் சிலருக்காவது அது இருக்கக்கூடும். ஹீமோகுளோபினை அளக்கும் சாலி முறையில் இரத்தத்தை அமிலத்தில் கலந்து, பத்து நிமிடம் வைத்து, வாலைவடிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறத்தை ஒப்பிடும்போது, அவர்களில் ஒருத்திக்கு 9 என்று வரலாம். தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பயந்து 13 என்று எழுதினால், படிப்புக்கு வந்த இடத்தில் தன் உடல் சொன்ன செய்தியைத் தானே அழித்தவளாகிறாள்.

வந்த அளவை அப்படியே எழுதுங்கள். சாலி முறை கண்ணை நம்பிய முறை, சற்று முன்பின் இருக்கும். ஆகவே ஆசிரியரிடம் காட்டி, மருத்துவமனை ஆய்வகத்தில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கும் மாணவிக்கு 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு, எத்தனை மாதம் என்று அவர் சொல்வார்.