ஆற்றின் நேரம்



இன்று பொறியாளர்களாகப் பட்டம் பெறும் உங்களில் பாதிப்பேர் அதிரப்பள்ளி அருவிக்குச் சுற்றுலா போயிருப்பீர்கள். போகாதவர்களும் பார்த்திருப்பீர்கள். 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் கமலும் ரேகாவும் குதித்தார்களே, அதே அருவிதான்.

அதற்குச் சற்று மேலே, வாழச்சால் பக்கத்தில், சாலக்குடி ஆற்றை மறித்து 163 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்டக் கேரள மின்வாரியம் பல பத்தாண்டுகள் முயன்றது. தேக்கிய நீரைச் சுரங்கக் குழாயில் அருவியைச் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே மீண்டும் ஆற்றில் விட்டுவிடுவார்கள். அருவிக்கென்று தனியாகக் கொஞ்சம் நீரும் உண்டு என்றார்கள். கணக்கில் பிழை காண முடியாது. ஆனால் திறந்தால் விழுந்து, மூடினால் நிற்கும் ஒன்றை அருவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நமக்கு வகுப்பில் ஆற்றின் அளவைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. புதுவெள்ளம் வரும் நேரம் பார்த்துத்தான் பல மீன்கள் முட்டையிட மேலேறும். கரையோரப் பெருமரப் பொந்தில்தான் இருவாச்சி குஞ்சு பொரிக்கும். அணை வந்தால் அந்தக் கரைக்காடு மூழ்கிவிடும். இதையெல்லாம் படிக்காமலே அறிந்தவர்கள் அங்கே வாழும் காடர்கள். அவர்களோடு சேர்ந்து நின்ற லதா என்பவர், வேளாண் அதிகாரி வேலையை விட்டுவிட்டு இந்த ஆற்றுக்காக உழைத்து 2017இல் மறைந்தார். அணை இன்றுவரை எழவில்லை.

நான் பொள்ளாச்சிக்காரன். பரம்பிக்குளம், சோலையாறு அணைகளிலிருந்து எங்கள் பக்கம் திருப்பிய நீர் இதே ஆற்றுக்குச் சேர வேண்டியது. அந்தத் தண்ணீரில் காய்த்த இளநீரைக் குடித்து வளர்ந்தவன் அணையே கூடாது என்று பேசினால் அது பொய். ஏற்கெனவே ஆறு அணைகளைச் சுமக்கும் ஆற்றில் தடையின்றி ஓடும் துண்டு கொஞ்சம்தான் மிச்சம். அதில் கைவைக்க வேண்டாம் என்பதே என் வழக்கு.

அடுத்த முறை போகும்போது பாறையில் கால் நனைத்துக்கொண்டு நில்லுங்கள். கரையோரமாகவே நில்லுங்கள். மழையே இல்லாத நாளில் நீர் மளமளவென்று ஏறினால் பயப்படாமல் மேலே வந்துவிடுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பெரிங்கல்குத்து மின்நிலையத்தில் அப்போதுதான் எந்திரத்தை ஓட்டத் தொடங்கியிருப்பார்கள்.