தெருவில் எழுந்த குரல்: தமிழுக்கு வரவா, இழப்பா?

(நாமகிரிப்பேட்டையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவு)



நாமகிரிப்பேட்டை என்றதும் தமிழுலகம் நினைப்பது இருபொருள்: ஒன்று மஞ்சள், மற்றொன்று நாயனம். 2001-ஆம் ஆண்டில் மறைந்த நாமகிரிப்பேட்டை கிருட்டிணன் தம் நாயனத்தால் இவ்வூர்ப் பெயரை இசையுலகெங்கும் ஒலிக்கச் செய்தார். ஆயினும் நாயனம் தனித்து நடப்பதில்லை. தவில் அடியெடுத்துக் கொடுக்க, அதன்மேல் நாயனம் நடக்கும். ஒருவர் மூச்சும் மற்றொருவர் கையும் கூடினாலன்றி அவ்விசை நிறைவுறாது. இவ்விருவர் கூட்டை அறிந்த ஊருக்குச் சொல்லிசையை விளக்குதல் எளிது.

ஆங்கிலர் ‘இராப்பு’ என வழங்குவதையே தமிழ் இளைஞர் சொல்லிசை என்கின்றனர். பண்ணை நீட்டிப் பாடாது, தாளத்தின்மேல் சொற்களை அடுக்கி விரைந்து மொழியும் கலை அது. அதில் ஒருவர் சொல் தருவார். மற்றொருவர் ஒலிக்கட்டு அமைப்பார்.

இக்கலை மாளிகையில் பிறக்கவில்லை. 1973 ஆகத்து 11-ஆம் நாள், நியூயார்க்கு நகரின் பிராங்சுப் பகுதியில், யமேக்காவிலிருந்து குடிவந்த கருப்பின இளைஞர் கூல் எர்க்கு, தம் தங்கை நடத்திய கொண்டாட்டத்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே முழவு மட்டும் ஒலிக்கும் சிறு கூறு ஒன்று வரும். ஒரே தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றிச் சுழற்றி அக்கூற்றை நீட்டும் முறையை அவர் வளர்த்தார். அம்முழவொலியின்மேல் சொல் ஏறியது. ஒடுக்கப்பட்டார் வாய்க்கு ஒரு மேடை கிடைத்தது.

தமிழிலும் அது வேரூன்றியது. மலேசியத் தமிழர் யோகி பி-யும் நட்சத்திரா குழுவினரும் 2006-இல் ‘வல்லவன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டனர். பின்னர்த் தி.பி. 2050-இல் (கி.பி. 2019) அரக்கோணத்துப் பாவலர் அறிவும், இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் இணைந்து ‘தெருக்குரல்’ என்னும் பாட்டுத் தொகுப்பைத் தந்தனர். இருவர் பெயரும் ஒருங்கே நின்ற தொகுப்பு அது.

அப்பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள்! திரு தெருவாயிற்று; குறள் குரலாயிற்று. வல்லின றகரத்துக்கும் இடையின ரகரத்துக்கும் வேறுபாடறிந்த ஒருவரே இதனைச் சூட்டவியலும். ‘வள்ளுவரை எள்ளுவதா?’ என்று சினப்பாரும் உளர். பிறப்பால் மாந்தர் அனைவரும் ஒப்பர் என்றுரைத்த அறநூலின் பெயர், ஒப்புரிமை கேட்கும் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பதில் இழிவு என்ன? தமிழ்நாட்டில் சேரி மக்கள் காலணியோடு நடத்தற்குத் தடையிருந்த தெருக்கள் பல. நாயனம் கோயிலுக்குள் புகுந்தபோதும் பறை சேரியிலேயே நிறுத்தப்பட்டது. அவ்வாறிருக்கத் ‘தெரு’ என்று பெயரிடுவதே ஓர் உரிமை வழக்காகும்.

தொகுப்பின் பாட்டுகளுள் ஒன்று ‘ஆன்டி இந்தியன்’. தலைப்பு ஆங்கிலம், மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சொல் அறிவு தேடிச் சென்று இரந்ததன்று. தம் மொழிக்கும் மண்ணுக்கும் உரிமை கேட்பார்மேல் எறியப்பட்ட வசைச்சொல் அது. எறிந்த கல்லைக் கையிற்பிடித்து எதிர்வினா எழுப்புகிறது பாட்டு. மற்றொன்று ‘இசுனோலின்’. 2018 மே 22-இல், செம்பு உருக்காலையை எதிர்த்துத் தூத்துக்குடியில் திரண்ட மக்கள்மேல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த இளம்பெண்ணின் பெயர் அது. செய்தித்தாள் மறுநாளே பழந்தாளாகும். பாட்டில் ஏறிய பெயர் மக்கள் நாவில் தங்கும். ஒப்பாரி வழிவழியாக ஆற்றிய தொண்டு இதுவேயன்றோ?

வடிவத்தாலும் தமிழுக்கு இழப்பில்லை. ஆங்கிலச் சொல்லிசை பெரிதும் அடியிறுதி ஒலியொப்பை நம்பியது; தமிழில் அது இயைபு. அதனோடு மோனையும் எதுகையும் முடுகும் சந்தமும் தமிழனுக்கு முன்னோர் வைத்துச் சென்ற வைப்பு. கடன் வாங்கிய தாளத்தில் சொந்த முதலைப் போட்டு வாணிகம் செய்கின்றனர் இளைஞர். முதல் தமிழாக இருக்கும்வரை அது வரவே.

ஆயினும் ஒரு குறை உண்டு. இன்றைய சொல்லிசையில் ஆங்கிலச் சொற்கள் மலிந்துள்ளன. அதனைக் கடிதல் தகும். கடிதல் மட்டும் போதாது. ‘பேருந்து’ம் ‘வானொலி’யும் அகரமுதலியில் கிடந்து வாழவில்லை, மக்கள் வாயில் வழங்கி வாழ்ந்தன. தனித்தமிழ் அன்பர் பிரம்போடு சென்றால் இளைஞர் விலகுவர். சொல்லோடு சென்றால் நெருங்குவர். விரைந்து மொழிதற்கேற்ற, ஈரசை மூவசைச் சொற்களை ஆக்கி அவர்கள் கையில் தருவது புலவர் கடன். தெருவின் வழக்கைக் கொச்சையெனத் தள்ளிவிட்டு மொழித் தூய்மை பேசுவோர், தீண்டாமையை மொழிக்குள்ளும் புகுத்துவோர் ஆவர். அத்தூய்மை தமிழுக்கு வேண்டா!

இவ்வூர்த் தோழர்களே! உங்கள் வீட்டு இளைஞன் தாளமிட்டுச் சொல் அடுக்கினால், கதவைச் சாத்தாதீர்கள். அமர்ந்து கேளுங்கள். ஆங்கிலச் சொல் வருமிடத்தில் ஒரு தமிழ்ச்சொல்லை அன்போடு எடுத்துக் கொடுங்கள். தவில்காரர் நாயனத்துக்கு அடியெடுத்துக் கொடுப்பதைப் போல அது அமையட்டும்!

வெல்க தமிழ்!