ஆயி தந்த தண்ணீரும் உங்கள் தெருவின் கதையும்

(குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகள், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிகள் ஆகியோர் கூடிய கூட்டத்தில் புதுச்சேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருத்தர் பேச்சு நம்பற மாதிரி இல்லைன்னா, "சும்மா கதை விடாதீங்க"ன்னு சொல்றோம். அதே வாயால பேரப்பிள்ளைகிட்ட, "வா, ஒரு கதை சொல்றேன்"னு கூப்பிடறோம். கதை விடுவதற்கும் கதை சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தெருவை, ஒரு குழுவை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உத்தரவு போடும் அதிகாரம் உங்களிடம் இல்லை. பேச்சை வைத்துத்தான் நாலு பேரைச் சேர்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரி அரசின் சின்னத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதில் இருப்பது பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம். யார் அந்த ஆயி?

கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து, இடிக்கச் சொல்லிவிட்டாராம். ஆயி அந்த வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாள் என்பது கதை. பல தலைமுறை கழித்து, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரி நகரம் நல்ல தண்ணீருக்குத் தவித்தது. பொறியாளர் லாமைரெஸ் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அப்போது ஆயியின் கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன், அவள் நினைவாக மண்டபம் எழுப்பச் சொன்னார் என்கிறார்கள்.

மூன்றாம் நெப்போலியன் 1852 முதல் 1870 வரை பிரான்சின் பேரரசர். மண்டபம் அவர் காலத்தது. ராயர் கும்பிட்டதும் ஆயி வீட்டை இடித்ததும் செவிவழிக் கதை. கல்வெட்டுபோல நான் அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாய்க்காலின் நீளம், செலவு எல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயி பெயர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் தெரியும். ராஜாவும் பேரரசரும் வருகிற கதையில் நிலைத்த பெயர், தன் வீட்டை இழந்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவளுடையது.

தலைவர்களுக்கு இதில் முதல் பாடம் இருக்கு. நீங்க சொல்ற கதையில நீங்க நாயகர் ஆகாதீங்க. "நான் அலைஞ்சேன், நான் பேசினேன்"னு ஆரம்பிச்சா, கேட்கிறவர் மனசு அங்கேயே மூடிக்கும்.

இரண்டாவது பாடம் பாரதியாரிடம் இருக்கிறது. 1908-இல் புதுச்சேரிக்கு வந்தவர், பத்து ஆண்டுகள் இங்கே இருந்தார். நாட்டின் அடிமைத்தனத்தைச் சொல்ல அவர் எடுத்தது, தெருக்கூத்தில் ஊரே பார்த்த பாஞ்சாலியின் கதை. 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912-இல் வெளிவந்தது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து அவர் தொடங்கினார்.

இப்போது உங்கள் தெருவுக்கு வருவோம். கடலோர ஊர் நம்முடையது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். நல்ல தண்ணீர் உப்பாகும். மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்? அதற்குப் பதிலாக, தெருவில் வயதான ஒரு அம்மாவிடம் போய்க் கேளுங்கள்: "இந்தக் கிணத்துத் தண்ணியில எப்பம்மா கடைசியா சோறு வடிச்சீங்க?" அவர் சொல்வதை அவர் வாயாலேயே கூட்டத்தில் சொல்லச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் தெருவின் கதை. அது முடிந்த கையோடு, "நம்ம தெருவுல மொதல்ல எந்த வீட்டு மாடித் தண்ணியைக் கிணத்துக்கு விடலாம்?"னு கேளுங்கள். கதை கேட்டவர் கையில் செய்வதற்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவிலும் இதே முறைதான். "குடிநீர் வசதி சரியில்லை, ஆவன செய்யவும்" என்றால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை, அதனால் யார் என்ன பாடுபடுகிறார், என்ன செய்தால் தீரும் என்று வரிசையாக நாலு வரி எழுதுங்கள். கைபேசியில் எடுத்த படம் ஒன்றும் சேருங்கள்.

மூன்று எச்சரிக்கை சொல்லி முடிக்கிறேன். அடுத்தவர் கஷ்டத்தைச் சொல்லும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் முகத்தையோ ரேஷன் கார்டையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பத்து வீட்டை நூறு வீடு ஆக்காதீர்கள். ஒரு தடவை பொய் என்று தெரிந்தால், அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் "கதை விடறாங்க"ன்னுதான் சொல்வாங்க. வேலை நடந்ததும் அதையும் சொல்லுங்கள்: குழாய் சரிசெய்த ஊழியர், முதல் தொட்டி கட்டிய வீட்டுக்காரர், எல்லோர் பெயரையும் கூட்டத்தில் சொல்லி நன்றி கூறுங்கள். அடுத்த வேலைக்கு ஆள் தானாகச் சேரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் மூத்தவர் ஒருவரிடம் பத்து நிமிஷம் உட்காருங்கள். தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்.