கறுப்பு வெள்ளையில் ஒரு சனிக்கிழமை

இன்று நூற்றுக்கணக்கான அலைவரிசைகள் கையடக்கத் தொலைபேசிக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் ஒரு நாடு முழுவதும் இரண்டே அலைவரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு மாலைப் பொழுதைக் கழித்த காலமும் இருந்தது. அந்தக் காலத்தின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இடம் பிரிட்டன். தேதி 1963 நவம்பர் 23, சனிக்கிழமை.

அன்று பிரிட்டிஷ் மக்களுக்கு இருந்தவை பிபிசியும் ஐடிவியும்தான். பிபிசியின் இரண்டாவது அலைவரிசை 1964 ஏப்ரலில்தான் தொடங்கியது. வண்ணப் படம் 1967இல்தான் வந்தது. ஆண்டுக்கு 4 பவுன் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்டியைத் திறந்தால் உடனே படம் வராது. உள்ளே இருக்கும் வால்வுகள் சூடாக வேண்டும். அதன் பிறகு வரும் படமும் 405 கோடுகளால் ஆன சாம்பல் நிறப் படம்தான். ஒளிபரப்பு நேரத்துக்கும் அரசாங்கம் வரம்பு வைத்திருந்தது. நினைத்த நேரத்தில் நிகழ்ச்சி போட முடியாது.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய நாள் என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அமெரிக்க அதிபர் கென்னடி டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிட்டனில் அப்போது வெள்ளிக்கிழமை மாலை. இரவு 7 மணி வாக்கில் செய்தி வந்து சேர்ந்தபோது, பிபிசியின் உயரதிகாரிகள் பலர் லண்டன் டார்செஸ்டர் ஹோட்டலில் விருதளிப்பு விருந்தில் அமர்ந்திருந்தார்கள். நிலையத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் நிலையத்தில் இல்லை. மரணச் செய்தியை அறிவித்துவிட்டு, சுழலும் உலக உருண்டையைச் சிறிது நேரம் காட்டினார்கள். அதற்குப் பிறகு? வழக்கம்போல் ஹாரி வொர்த்தின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒளியேறியது. வீடுகளில் மக்கள் கொதித்துப் போனார்கள். ஏராளமானோர் தொலைபேசியில் அழைத்துத் திட்டித் தீர்த்தார்கள். ஒளிபரப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் சம்பவம். பட்டியலில் இருப்பதைப் போட்டுவிட்டு நகர்வது எளிது. பட்டியலைக் கிழித்துப்போட ஒருவருக்கு அதிகாரமும் வேண்டும், துணிவும் வேண்டும்.

அமெரிக்க நிலையங்கள் நான்கு நாள்களுக்குப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளையே நிறுத்திவிட்டன. பிபிசியோ மறுநாள் சனிக்கிழமை நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தது. மதியம் முழுக்க 'கிராண்ட்ஸ்டாண்ட்' விளையாட்டுத் தொகுப்பு. மாலையில் கால்பந்து முடிவுகள் டெலிபிரிண்டரில் ஒவ்வோர் எழுத்தாக அடித்து வரும். கால்பந்துப் பந்தயச் சீட்டு வாங்கியவர்கள் பேனாவும் கையுமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு குழுவின் கோல் எண்ணிக்கை விழுந்து அடுத்த குழுவின் பெயர் முழுதாக வருவதற்குள் எத்தனை பேருக்கு இதயம் நின்று துடித்ததோ!

அந்த விளையாட்டுக்கும், அதன் பின் இளையோர் பார்க்கும் 'ஜூக் பாக்ஸ் ஜூரி' இசை நிகழ்ச்சிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. விளையாட்டு பார்த்த அப்பாவும் பாட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் ஐடிவி பக்கம் போய்விடாமல் பிடித்து வைக்க ஒரு தொடர் தேவைப்பட்டது. கனடாவிலிருந்து வந்து பிபிசி நாடகப் பிரிவுக்குத் தலைமையேற்ற சிட்னி நியூமன் அதற்காக உருவாக்கியதுதான் 'டாக்டர் ஹூ'. அதன் முதல் அங்கம் ஒளியேறிய நாள்தான் இந்த நவம்பர் 23.

தொடரின் பொறுப்பை ஏற்றவர் வெரிட்டி லாம்பர்ட். வயது 27. அப்போது பிபிசி நாடகப் பிரிவில் இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர், மிக இளையவரும்கூட. முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் உசேன். லக்னோவில் பிறந்தவர், வயது 24. ஒரு பெண்ணும் ஓர் இந்தியரும் சேர்ந்து எடுக்கும் சிறுவர் தொடர் எவ்வளவு தூரம் போகும் என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்ததோ லைம் குரோவில் இருந்த இடநெருக்கடி மிகுந்த பழைய ஸ்டூடியோ. செப்டம்பர் 27இல் பதிவு செய்த முதல் வடிவத்தை நியூமன் ஏற்கவில்லை. கால இயந்திரத்தின் கதவு ஒழுங்காகச் சாத்தவில்லை. வில்லியம் ஹார்ட்னல் நடித்த கிழவர் பாத்திரம் மிகவும் கடுகடுப்பாக இருந்தது. மீண்டும் எடுங்கள் என்றார். அக்டோபர் 18இல் முழு அங்கத்தையும் மறுபடி எடுத்தார்கள். நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை. ஆகவே மேடை நாடகம்போலக் காட்சிகளை வரிசையாக நடித்து முடிக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளையை ஏதோ குறையாகவே பேசுகிறார்கள். இந்தத் தொடரின் தொடக்கக் காட்சியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கேமராவை அதன் படமே தெரியும் திரைக்கு எதிரே நிறுத்தினால், படத்துக்குள் படம் புகுந்து ஒளி புகைபோலச் சுருண்டு எழும். அதைத்தான் பயன்படுத்தினார்கள். ரான் கிரெய்னர் எழுதிய இசையை, பிபிசி ஒலிப் பட்டறையில் இருந்த டெலியா டெர்பிஷைர் என்ற பெண்மணி ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி, ஒட்டி, வேகம் மாற்றி உருவாக்கினார். வாத்தியக்குழு இல்லை. கணினியும் இல்லை. நாடாவும் பிளேடும் பொறுமையும்தான்.

மாலை 5.15க்கு வர வேண்டிய அந்த அங்கம் 80 விநாடிகள் தாமதமாகத் தொடங்கியது. கென்னடி செய்தியால் பத்து நிமிடம் தாமதமானது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது கட்டுக்கதை. ஆனால் மக்களின் மனம் வேறெங்கோ இருந்தது உண்மை. சில வட்டாரங்களில் மின்வெட்டு வேறு. பார்த்தவர்கள் 44 லட்சம் பேர். இத்தனை பாடுபட்டவர்களுக்கு அது ஏமாற்றமே. பிபிசி ஒரு நல்ல காரியம் செய்தது. அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் அங்கத்துக்கு முன்னால் முதல் அங்கத்தை மறுபடியும் போட்டது. அப்போது சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள்.

இரவில்தான் அன்றைய தினத்தின் உண்மையான சோதனை. சனிக்கிழமை இரவென்றால் 'தட் வாஸ் த வீக் தட் வாஸ்'. டேவிட் ஃப்ராஸ்ட் தலைமையில் அமைச்சர்களையும் மதகுருமார்களையும் கேலி செய்யும் நிகழ்ச்சி. அந்த வாரம் கேலிக்கு இடமேது? தயாரிப்பாளர் நெட் ஷெரின் குழுவினர் எழுதி வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டு, ஒரே நாளில் புதிதாக எழுதினார்கள். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. சுமார் 20 நிமிட அஞ்சலி மட்டுமே. மில்லிசென்ட் மார்ட்டின் அந்த நிகழ்ச்சிக்காகவே இயற்றப்பட்ட பாடலைப் பாடினார். மூத்த நடிகை சிபில் தோர்ண்டைக் கவிதை வாசித்தார். முதல் நாள் இரவு நகைச்சுவை போட்டுத் திட்டு வாங்கிய அதே நிலையம், மறுநாள் நகைச்சுவைக்காரர்களைக் கொண்டே மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்று சொல்லலாம். அந்தப் பதிவு அமெரிக்காவுக்குப் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பிசி அதை ஒளிபரப்பியது. பின்னர் இசைத்தட்டாகவும் வந்தது.

அந்த நிகழ்ச்சியே அதிக நாள் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல் ஆண்டு என்று சொல்லி, 1963 டிசம்பர் 28இல் முடித்துக்கொண்டார்கள். அதே டிசம்பர் 28ஆம் தேதிதான் கோலாலம்பூரில் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கி வைக்கப்பட்டது.

அன்று பிரிட்டனில் ஒளியேறியவற்றில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சமே. ஒளிநாடா விலை உயர்ந்தது. ஆகவே பிபிசி பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதிவு செய்தது. 'டாக்டர் ஹூ'விலேயே அறுபதுகளின் அங்கங்களில் ஏறக்குறைய நூறு காணாமல் போயின. முதல் அங்கம் தப்பியது. வெளிநாடுகளுக்கு விற்பதற்காகத் திரையை ஃபிலிம் கேமராவால் படம் பிடித்து நகல் எடுத்திருந்தார்கள். தொலைந்த அங்கங்கள் அத்தகைய நகல்களாக 1991இல் ஹாங்காங்கிலும், 2013இல் நைஜீரியாவிலும் கிடைத்தன. நைஜீரியாவில் அவை இருந்த இடம், ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தின் அலமாரி.